ஏடும் இயக்கமும்: குழந்தை மண எதிர்ப்பில் புனே – சென்னை உறவு (1884 – 1932)

புனே நகரின் வடமேற்கில், ஔந்த் பகுதியை அடுத்துள்ள கணேஷ்கிந்தில், பம்பாய் மாகாண ஆளுநர் மழைக்காலத்தில் தங்குவதற்கென ஆங்கிலேய அரசு எழுப்பிய மாளிகை ஒன்று உள்ளது. இன்று அது பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடம். அப்பல்கலைக்கழகம் 2014ஆம் ஆண்டு முதல் சாவித்திரிபாய் புலே பெயரால் வழங்கி வருகிறது. 1840இல் மணம் நிகழ்ந்தபோது சாவித்திரிபாய்க்கு வயது ஒன்பது. அவரை மணந்த ஜோதிராவ் புலேக்கு வயது பதின்மூன்று. அவ்விருவரும் 1848இல் புனேயில் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினர். குழந்தை மணத்தின் வரலாற்றையும் பெண்கல்வியின் வரலாற்றையும் பிரித்துப் பேச இயலாது என்பதற்கு இந்நகரமே சான்றாகும்.

குழந்தை மண ஒழிப்பைப் பற்றித் தமிழில் வந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் செல்கின்றன. ஒன்று, 1891, 1929 எனச் சட்டங்களின் ஆண்டுகளை வரிசைப்படுத்திச் செல்வது. மற்றொன்று, பாரதி, மாதவையா, பெரியார் எனச் சிந்தனையாளர்களின் கருத்துகளைத் தொகுத்துரைப்பது. இரண்டும் தேவையானவையே. எனினும், அச்சில் வந்த ஒரு கருத்து மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வீட்டின் திண்ணை வரை எப்படிச் சென்றது, யார் அதைச் சுமந்து சென்றார், எவ்விடத்தில் அது நின்றுபோயிற்று என்னும் வினாக்கள் இவ்விரு போக்கிலும் இடம்பெறுவதில்லை. பத்திரிகையும் மக்கள் அமைப்பும் கைகோத்த இடங்களையும், கைகோக்கத் தவறிய இடங்களையும் புனே, சென்னை ஆகிய இரு நகரங்களை முன்வைத்து இக்கட்டுரை காண முற்படுகிறது.

ஏட்டளவில் நின்ற போர்

பம்பாயில் இந்தியன் ஸ்பெக்டேட்டர் இதழை நடத்திவந்த பார்சி இனத்தவரான பெஹ்ராம்ஜி மலபாரி, குழந்தை மணம், கட்டாய விதவைமை ஆகிய இரண்டையும் பற்றி 1884இல் குறிப்புகள் எழுதி அரசு அலுவலர்க்கும் நாட்டின் முதன்மையான மனிதர்க்கும் அனுப்பினார். நாடு தழுவிய விவாதம் அதனால் தொடங்கிற்று. அதே ஆண்டில் தாதாஜி பிகாஜி என்பவர், தமக்குப் பதினோராம் வயதில் மணம் செய்விக்கப்பட்ட ருக்மாபாய் தம் இல்லத்திற்கு வந்து வாழ வேண்டும் எனக் கோரி வழக்குத் தொடுத்தார். 1885இல் நீதிபதி பின்ஹே ருக்மாபாய்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1887இல் நீதிபதி ஃபாரன், கணவர் இல்லம் செல்க, இன்றேல் ஆறு மாதச் சிறை என்றார். 1888இல் பணம் கொடுத்து வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. ருக்மாபாய் பின்னர் இலண்டனில் மருத்துவம் பயின்று திரும்பினார்.

இவ்வழக்கில் பலரும் கடந்துசெல்லும் செய்தி ஒன்று உண்டு. 1885இல் டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழில் குழந்தை மணம் பற்றிய மடல்கள் ஓர் இந்துப் பெண்மணியின் எழுத்தாகப் பெயரின்றி வெளிவந்தன. அவற்றை எழுதியவர் ருக்மாபாயே. பாதிக்கப்பட்டவர் தாமே பத்திரிகையில் பேசிய அரிய நிகழ்வு இது. ஆயினும் அம்மடல்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. அவற்றைப் படித்தோர் ஆங்கிலேயரும் ஆங்கிலம் கற்ற ஆடவரும். தம்மைப் போன்று மணமுடிக்கப்பட்ட சிறுமியர்க்கு அவர் குரல் எட்டியிருக்க வழியில்லை.

கல்கத்தாவில் புல்மணி தாசி என்னும் சிறுமி கணவனால் உயிரிழந்த வழக்கு 1890இல் நாட்டை உலுக்கியது. அதனையடுத்து, உடலுறவுக்கான இசைவு வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் சட்டம் 1891 மார்ச்சில் நிறைவேறியது. இச்சட்டம் மண வயதைப் பற்றியதன்று என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அதற்கே புனே இரண்டாகப் பிளந்தது. பாலகங்காதர திலகர் கேசரி, மராட்டா ஆகிய தம் இரு இதழ்களிலும் இதனைக் கடுமையாக எதிர்த்தார். கேசரியின் முதல் ஆசிரியராக இருந்து கருத்து வேறுபாட்டால் விலகிய கோபால் கணேஷ் அகர்கர், 1888இல் தாம் தொடங்கிய சுதாரக் இதழில் சட்டத்தை ஆதரித்தார். வடமொழி அறிஞர் ரா. கோ. பண்டார்கர் சாத்திரச் சான்றுகளைக் கொண்டு ஆதரவு நல்கினார். அகர்கர் உயிரோடிருக்கும்போதே எதிர்ப்பாளர்கள் அவருக்குப் பாடை கட்டி ஊர்வலம் விட்டனர்.

திலகரைக் குழந்தை மணத்தின் காவலர் எனச் சுருக்கிவிடுதல் நேர்மையாகாது. 1890இல் அவரே, பெண்ணுக்குப் பதினாறு, ஆணுக்கு இருபது வயதுக்கு முன் மணம் செய்வதில்லை எனச் சீர்திருத்தர்கள் தாமாக உறுதி ஏற்கட்டும் என முன்மொழிந்தார். அந்நிய அரசின் சட்டம் வேண்டா என்பதே அவர் வாதம். மறுபுறம், சட்டத்தை ஆதரித்த மகாதேவ கோவிந்த ரானடே, 1873இல் முதல் மனைவியை இழந்தபின் தந்தையின் வற்புறுத்தலுக்கு இணங்கி, தம் முப்பத்தொன்றாம் வயதில் பதினோரு வயதுச் சிறுமியை மணந்தவர். அச்சிறுமியே பிற்காலத்தில் 1909இல் புனே சேவா சதனத்தை நிறுவியோருள் ஒருவராகிய ரமாபாய் ரானடே. கொள்கையும் வாழ்வும் இவ்வாறு இருவேறு பக்கங்களில் நின்ற காலம் அது. எது எப்படியாயினும், மூன்றாண்டுக் காலம் புனே இதழ்கள் மை தீர எழுதியும், அவ்வெழுத்தால் தள்ளிவைக்கப்பட்ட திருமணம் எத்தனை என்று கேட்டால் விடை சொல்லத்தக்க அமைப்பு எதுவும் அப்போது இல்லை. எழுதியோரும் ஆடவர், படித்தோரும் ஆடவர். அப்போர் அரசின் அதிகாரம் எதுவரை என்பதைப் பற்றியதாக மாறிவிட்டது. சிறுமி அதில் ஒரு சாக்காகவே எஞ்சினாள் எனலாம்.

கத்தியைக் கீழே வைத்தவர்கள்

ஏறத்தாழ அதே காலத்தில் பம்பாயில் நிகழ்ந்த மற்றொரு நிகழ்ச்சி இதற்கு நேர்மாறானது. புலே 1873இல் புனேயில் நிறுவிய சத்தியசோதக் சமாஜத்தின் கருத்துகளைத் தாங்கி 1877இல் தொடங்கப்பெற்ற மராத்தி இதழ் தீனபந்து. பின்னர் அதனை ஏற்று நடத்தியவர் ஆலைத் தொழிலாளர் தலைவரான நாராயண் மேகாஜி லோகண்டே. விதவைகளின் தலையை மழிக்கும் வழக்கத்தை எதிர்த்து அவர் எழுதியதோடு நிற்கவில்லை. நாவிதர்களைத் திரட்டிக் கூட்டம் நடத்தினார். 1890இல் பம்பாய் நாவிதர்கள் இனி விதவைகளுக்கு மழிப்பதில்லை என்று முடிவு செய்தனர்.

இது குழந்தை மணத்தை நேரடியாகத் தடுக்கும் செயலன்று. எனினும், குழந்தை மணத்தின் கொடிய விளைவாகிய குழந்தை விதவையின் தலைமீது விழும் கையை அது நிறுத்த முயன்றது. கேசரியும் சுதாரக்கும் ஆற்றாத ஒன்றை அச்சிறிய இதழ் ஆற்ற முனைந்தது எவ்வாறு? கொடுமையைச் செய்விப்போரிடம் வாதாடாமல், அதனைச் செய்து முடிக்க எவர் கைகள் தேவையோ அவரிடம் அது சென்றது. ஏட்டின் வாசகரும் இயக்கத்தின் உறுப்பினரும் ஒருவராகவே இருந்தமை அதன் வலிமை. சீர்திருத்த வரலாற்று நூல்களில் இந்நிகழ்ச்சி ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. இதற்குரிய இடம் அதனினும் பெரிது என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

மேடையும் இங்குக் கருதத்தக்கது. முதியவர் ஒருவருக்கு இளஞ்சிறுமியைப் பணத்திற்காக மணம்பேசும் கதையைக் கொண்ட கோவிந்த் பல்லாள் தேவலின் சங்கீத சாரதா நாடகம் 1899இல் அரங்கேறியது. எழுத்தறியாதோரும் பெண்களும் இசை நாடகத்தைக் காணவும் கேட்கவும் இயன்றது. 1937இல் புனேயின் பிரபாத் திரைப்பட நிறுவனம், வி. சாந்தாராம் இயக்கத்தில் மராத்தியில் குங்கூ என்றும் இந்தியில் துனியா ந மானே என்றும் எடுத்த படமும் இவ்வழியினதே. முதியவருக்கு மணமுடிக்கப்பட்ட பெண் அவரைக் கணவராக ஏற்க மறுத்து நிற்பது அதன் கரு. அதே ஆண்டில் சென்னையில் கே. சுப்பிரமணியம் எடுத்த பாலயோகினி, விதவையர் படும் துயரைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்தது.

அடையாற்றிலிருந்து புனேக்கு

சென்னையில் இவ்விவாதம் தனி மனிதர் செயலாகத் தொடங்கியது. தி இந்து, சுதேசமித்திரன் ஆகிய இதழ்களோடு தொடர்புடைய ஜி. சுப்பிரமணிய ஐயர், இளமையிலேயே விதவையான தம் மகளுக்கு 1889இல் பம்பாயில் மறுமணம் செய்வித்தார். சாதி விலக்கையும் ஏற்றார். அ. மாதவையா 1892இல் விவேகசிந்தாமணி இதழில் தொடங்கி இடையில் நின்றுபோன தொடர்கதை, 1903இல் முத்துமீனாட்சி என நூலாயிற்று. பாரதி தம் பதினைந்தாம் அகவையில் ஏழு வயதுச் செல்லம்மாளை மணந்தவர். 1905இல் பெண்களுக்கான சக்கரவர்த்தினி இதழை நடத்தியவர். பெண் விடுதலை என்னும் கட்டுரையில், பூப்பெய்துமுன் பெண்ணை மணம் செய்விக்கலாகாது என்பதைக் கோரிக்கைகளுள் முதலாவதாக வைத்தவர். பதினோரு வயதில் மணமுடித்து விரைவில் கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி, 1912இல் சாரதா மாதர் சங்கத்தைத் தொடங்கி, குழந்தை விதவையர்க்கு இல்லமும் கல்வியும் அமைத்தார்.

தனித்தனியே நின்ற இம்முயற்சிகளுக்கு ஓர் இணைப்புக் கயிறு 1917இல் கிடைத்தது. அவ்வாண்டு மே மாதம் அடையாற்றில் மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசர் முதலியோர் முயற்சியில், அன்னி பெசன்ட் தலைமையில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. மறு ஆண்டு முதல் அதன் இதழாக ஸ்திரீ தர்மா வெளிவந்தது. ஆங்கிலத்தோடு இந்திய மொழிப் பகுதிகளும் அதில் இடம்பெற்றன. தமிழும் அவற்றுள் ஒன்று. ஊர்தோறும் தொடங்கிய கிளைகளின் செய்திகள் அதில் வெளியாயின. இதழ் கிளைகளை வளர்த்தது. கிளைகள் இதழுக்குச் செய்தி அனுப்பின. மலபாரியின் குறிப்புகள் ஒருவழிப் பாதை. இதுவோ இருவழிப் பாதை.

1926இல் நிகழ்ந்தது இதன் பயனைத் தெளிவாக்கும். வங்காளக் கல்வித்துறை இயக்குநர், பெண்கள் தங்களுக்கு எத்தகைய கல்வி வேண்டும் என்பதைத் தாங்களே ஒருமித்துக் கூற வேண்டும் என்று ஒரு கல்லூரி விழாவில் பேசினார். அதையொட்டிய கட்டுரைகள் ஸ்திரீ தர்மாவில் வெளிவந்தன. கசின்ஸ் பல ஊர்ப் பெண்டிர்க்கும் மடல் எழுதினார். அவ்வாண்டின் பிற்பகுதியில் இருபதுக்கு மேற்பட்ட இடங்களில் வட்டார மாநாடுகள் கூடின. அவற்றின் பேராளர்கள் 1927 ஜனவரியில் புனே ஃபெர்குசன் கல்லூரியில் ஒன்றுகூடினர். இதுவே அகில இந்திய மாதர் மாநாட்டின் முதல் அமர்வு. பேராளர் 58 பேர். பார்வையாளராக வந்தோர் இரண்டாயிரத்திற்கு மேற்பட்டோர். தலைமை வகித்தவர் பரோடா மகாராணி சிம்னாபாய். 1904இலேயே குழந்தை மணத்தைத் தடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்த சமஸ்தானம் பரோடா என்பது குறிப்பிடத்தக்கது.

அம்மாநாடு கல்விக்கெனக் கூட்டப்பட்டது. மண வயது அதன் பொருளன்று. ஆனால் பெண் ஏன் பள்ளியை விட்டு நிற்கிறாள் என ஒவ்வொரு வட்டாரமும் விடை தேடியபோது, அனைத்தும் ஓரிடத்தில் வந்து முடிந்தன. இளமை மணம் கல்வியைக் கெடுக்கிறது. பதினாறு வயதுக்கு முற்பட்ட மணம் குற்றமாக்கப்பட வேண்டும் என மாநாடு தீர்மானித்தது. 1891இல் அதே நகரில் சாத்திரம் எவ்வயதைச் சொல்கிறது என ஆடவர் வாதிட்டனர். முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் பெண்டிர் அவ்வாதத்தைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டுப் பள்ளியின் வாயில் வழியாக உள்ளே நுழைந்தனர். கருத்தின் கூர்மையில் அகர்கரை இவர்கள் விஞ்சவில்லை, விஞ்சியது அமைப்பில். தீர்மானத்தின் பின்னே இருபது ஊர்களின் கூட்டங்கள் இருந்தன.

அதே 1927இல் அஜ்மீரைச் சேர்ந்த ஹர்பிலாஸ் சார்தா மத்திய சட்டசபையில் தம் மசோதாவைக் கொண்டுவந்தார். அவ்வாண்டே வெளிவந்த காதரின் மேயோவின் இந்திய மாதா நூலுக்கு எதிராக மாதர் சங்கத்தார் கண்டனக் கூட்டங்கள் நடத்தினர். அக்கூட்டங்களிலேயே குழந்தை மணத்தையும் கண்டித்தனர். அந்நியரின் பழிப்பை மறுப்பதும் உள்வீட்டுக் குறையைத் திருத்துவதும் ஒரே நாவால் இயலும் எனக் காட்டியமை, திலகர் எழுப்பிய தடைக்கு நடைமுறையில் அளித்த விடையாகும். 1928இல் சென்னைச் சட்டமன்றத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மண வயதை உயர்த்த வேண்டும் எனத் தீர்மானம் கொண்டுவந்தார். மோரோபந்த் ஜோஷி தலைமையிலான இசைவு வயதுக் குழு 1928–29இல் நாடெங்கும் சாட்சியம் கேட்டது. அதில் ராமேஸ்வரி நேருவும், சென்னையின் ஆர்க்காடு இராமசாமி முதலியாரும் உறுப்பினர். டெல்லியில் சட்டசபை உறுப்பினர்களை எதிர்கொண்டு பெண்கள் பதாகை ஏந்தி நின்றனர். சென்னையிலிருந்து சென்ற எம். கே. ஆச்சாரியா போன்றோர் சபையில் எதிர்த்துப் பேசினர். 1929 செப்டம்பரில் சபை அதனை ஏற்றது. பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு; எல்லாச் சமயத்தார்க்கும் பொது.

தமிழகத்தில் இணையாக ஓடிய மற்றொரு நீரோட்டமும் உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணின் மண வயது பதினாறுக்கு மேல் இருக்க வேண்டும் எனத் தீர்மானித்தது. பெரியாரின் குடிஅரசு 1925 முதல் எளிய தமிழில் வெளிவந்தது. புனே மாநாடு கேட்ட அதே பதினாறு. ஆனால் கேட்டவரும் கேட்ட மொழியும் வேறு. ஸ்திரீ தர்மா படித்த குடும்பங்களின் கூடத்தை எட்டியது. குடிஅரசு மேடைப் பேச்சோடும் புரோகிதரில்லாத் திருமணங்களோடும் சேர்ந்து சிற்றூர்களை எட்டியது. ஒரே கோரிக்கையை இருவேறு வாசகரிடம் கொண்டுசென்ற இவ்விரு வலைப்பின்னல்களையும் ஒருங்கே வைத்து ஆராய்தல் தமிழாய்வின் கடமை.

இடையே ஒரு சொல்லாய்வு. சார்தா என்பது சட்டத்தைக் கொண்டுவந்த ஆடவரின் குடும்பப் பெயர். தமிழில் அது சாரதா சட்டம் ஆயிற்று. புனேயில் பண்டித ரமாபாய் நடத்திய விதவையர் இல்லம் சாரதா சதன். சென்னையில் சுப்புலட்சுமியின் சங்கம் சாரதா சங்கம். தேவல் நாடகத்தின் தலைவி சாரதா. கலைமகளின் பெயர் எங்கும் ஒலித்த சூழலில், ஆடவர் ஒருவரின் பெயர் பெண்பெயராகத் திரிந்து சட்டத்தின் மேல் அமர்ந்துகொண்டது வியப்பன்று. மொழி, தான் விரும்பியதைக் கேட்டுக்கொண்டது போலும்.

ஆறு மாத இடைவெளி

சட்டம் 1929 இலையுதிர் காலத்தில் நிறைவேறினும், நடைமுறைக்கு வந்தது 1930 ஏப்ரல் 1ஆம் நாள். இவ்வாறு மாத இடைவெளியில் நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் துயரப் பகுதி. நாள் குறிக்கப்பட்டது எங்கும் தெரிந்துவிட்டது. அந்நாளுக்கு முன்னரே முடித்துவிட வேண்டும் என்னும் அவசரத்தில் கைக்குழந்தைகள் உட்படப் பல இலட்சம் சிறுவர் சிறுமியர்க்கு மணம் செய்விக்கப்பட்டது. 1921ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் பதினைந்து வயதுக்குட்பட்ட மனைவியர் சுமார் 85 இலட்சம். 1931இல் அத்தொகை 1 கோடியே 20 இலட்சத்தைத் தாண்டியது. ஐந்து வயதுக்குட்பட்ட மனைவியர் தொகை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. 1931 கணக்கெடுப்பில் வயதுப் பட்டியலைத் தொகுத்த முறை மாறியதால் இவ்வெண்களை ஒப்பிடுவதில் எச்சரிக்கை தேவை. எனினும் இத்துணைப் பெரிய ஏற்றத்தை முறை மாற்றத்தின்மேல் மட்டும் ஏற்றிவிட இயலாது.

சட்டத்தின் அமைப்பும் இதற்கு இடமளித்தது. அது மணத்தைச் செல்லாததாக்கவில்லை. செய்வித்தோரைத் தண்டிக்க மட்டுமே முயன்றது. காவல்துறை தானாக நடவடிக்கை எடுக்க இயலாது. எவரேனும் முறையீடு செய்ய வேண்டும். அவர் நூறு ரூபாய் வரை பிணை கொடுக்க வேண்டியிருந்தது. மணம் நடந்து ஓராண்டு கடந்தால் வழக்கில்லை. தண்டனையின் உச்சம் ஒரு மாத வெறுங்காவலும் ஆயிரம் ரூபாய் அபராதமும். உறவையும் ஊரையும் பகைத்து, கையிலுள்ள பணத்தையும் வைத்து முறையிட முன்வருவோர் எத்தனை பேர்? 1932 ஆகஸ்டு வரை நாடு முழுவதும் தொடுக்கப்பட்ட வழக்குகள் 473. தண்டனையில் முடிந்தவை 167. சட்டம் சமஸ்தானங்களுக்கோ பிரெஞ்சுப் பகுதிகளுக்கோ செல்லாது என்பதும் நோக்கத்தக்கது.

இந்திய மாதர் சங்கமும் மாதர் மாநாடும் சட்டசபையை நோக்கிக் கட்டிய கூட்டணி அது. அவ்வகையில் அது வென்றது. பரப்பும் பணி டெல்லியை அடைந்ததும் தளர்ந்தது. சட்டம் இன்ன நாளில் வருகிறது என்னும் செய்தி ஊருக்குச் சென்ற வேகத்தில், சட்டம் எதற்கு என்னும் விளக்கம் செல்லவில்லை. செய்தி மட்டும் தனியே சென்றால் அது தப்பும் வழியையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. லோகண்டே நாவிதர்களிடம் சென்றதுபோலப் புரோகிதரிடமும், பந்தல் போடுவோரிடமும், மேளக்காரரிடமும் எவரேனும் சென்றிருந்தால் அவ்வாறு மாதங்கள் வேறாக அமைந்திருக்கக்கூடும்.

பின்வந்த காலத்தை விரைந்தே கூறலாம். பெண்ணின் மண வயது 1949இல் பதினைந்தாகவும், 1978இல் பதினெட்டாகவும் உயர்ந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் மணத்தை நடத்திவைப்போரையும் துணைநிற்போரையும் இரண்டாண்டு வரை சிறைக்கும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதத்திற்கும் உரியவராக்கியது. மகாராட்டிரத்தின் பைட்டண் வட்டாரத்துப் பச்சோடு ஊரில் இயங்கும் சுகாதார மேலாண்மை நிறுவனம், பள்ளி செல்லாச் சிறுமியர்க்கு நடத்திய வாழ்வியல் வகுப்புகளின் பயனாக அவ்வட்டாரத்தின் இடைநிலை மண வயது பதினாறிலிருந்து பதினேழாயிற்று. தமிழ்நாட்டில் 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம், பெண் குறிப்பிட்ட வகுப்புவரை படித்திருக்க வேண்டும், பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும் என இரு நிபந்தனைகளை ஒன்றாகக் கட்டியது. 2022இல் அது உயர்கல்வி பயிலும் மாணவியர்க்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டமாக மாற்றப்பட்டது. 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 20 முதல் 24 வயதுப் பெண்களுள் பதினெட்டுக்கு முன் மணமானோர் இந்திய அளவில் 23.3 விழுக்காடு, மகாராட்டிரத்தில் 21.9, தமிழ்நாட்டில் 12.8. 2005–06இல் இந்திய அளவு 47.4 விழுக்காடாக இருந்தது. புனே மாநாடு திறந்த பள்ளி வாயிலுக்கும் இவ்வீழ்ச்சிக்கும் உள்ள தொடர்பு தனி ஆய்வுக்குரியது.

தமிழாய்வாளர் செய்ய வேண்டிய அண்மைப் பணி ஒன்று உள்ளது. ஸ்திரீ தர்மாவின் தமிழ்ப் பக்கங்களையும் அக்கால மாதர் இதழ்களையும் கட்டுரைகளுக்காக மட்டும் புரட்டாமல், ஓரத்தில் சிறு எழுத்தில் அச்சான கிளைச் செய்திகளுக்காகவும் படித்தல் வேண்டும். எந்த ஊரில், எவர் வீட்டுக் கூடத்தில், எத்தனை பெண்கள் கூடினர், எம்மொழியில் பேசினர், அடுத்த கூட்டம் நடந்ததா என்பவற்றை ஊர்வாரியாகத் தொகுத்து, அவற்றை 1931ஆம் ஆண்டு மாவட்டவாரிக் கணக்கோடு அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.